தன்னானே போட்டுப் பார்க்கும் வேலை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊர் ஊராக எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் கலைக்குழு ஒன்றில் எனக்குப் பாட்டெழுதும் வேலை. எழுதுவது வார்த்தை மட்டும்தான். மெட்டெல்லாம் ஊரிலேயே இருந்தது: நடவுப் பாட்டு, கும்மி, தெம்மாங்கு, தாலாட்டு. முதலில் 'தன்னானே தானன்னே' என்று வெறும் சந்தத்தைப் பாடுவோம். பெண்கள் தானாகப் பின்பாட்டு எடுத்துவிட்டால் மெட்டு சரி. அப்புறம்தான் எழுத உட்காருவேன். கையெழுத்து, கூலிக் கணக்கு என்று சொல்லவேண்டிய சேதியைக் கூட்டம் திருப்பிப் பாடும் அடியில் வைக்கவேண்டும். முன்பாட்டில் வைத்தால் அது பாடுகிறவரோடு போய்விடும். அசை குறைந்தால் ஒரு 'ஏலேலோ' போட்டு நிரப்பத் தெம்மாங்கு இடம் கொடுக்கும். காவடிச்சிந்து கொடுக்காது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடிய சிந்துகளில் இயைபு அவ்வளவு நெருக்கம். அதில் கூலிக் கணக்கை நுழைத்தால் பாட்டு நொண்டும்.

வார்த்தையை மாற்றிவிட்டால் மெட்டு நம்முடையது என்று குழுவில் சிலர் நினைத்தார்கள். ஒப்பாரி மெட்டில் குடியைப் பற்றிய பாட்டைத் தொடங்கினால், வார்த்தை காதில் விழும் முன்பே முந்தானை கண்ணுக்குப் போகும். அங்கே அது பொருந்தியது. அதே மெட்டில் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பாட்டை ஒருவர் எடுத்தபோது, "பிள்ளைய வச்சு இந்த மெட்டப் பாடாதீக தம்பி" என்று ஒரு ஆத்தா நிறுத்திவிட்டார்.

சுப்பிரமணிய பாரதிக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில், மார்கழித் திருநாளுக்குப் போகக் கேட்ட நந்தனை ஆண்டை வையும் பாட்டு ஒன்று உண்டு. அதே வர்ணமெட்டில் 'தொண்டு செய்யும் அடிமை, உனக்குச் சுதந்திர நினைவோடா' என்று ஆங்கிலேய உத்தியோகஸ்தனைப் பேசவிட்டார். பழைய பாட்டு கேட்பவருக்கு மனப்பாடம். ஆக, ஊரில் ஆண்டையாக இருப்பவரும் இந்தப் பாட்டில் நந்தன் நின்ற இடத்தில் நின்று வசவு வாங்கவேண்டும். புது மெட்டில் இது நடந்திருக்காது. எந்த மெட்டு என்பதைப் பாட்டின் தலையிலேயே குறித்தும் வைத்தார்.

சினிமாவும் ஊர் மெட்டை எடுக்கும், ஆனால் அங்கே அந்தக் குறிப்பைப் பார்ப்பது அரிது. அதனால் நாங்கள் கும்மி பாடினால், "சினிமாப் பாட்டக் காப்பியடிச்சிட்டீகளே" என்பார்கள் இளவட்டங்கள். பாட்டிகள் சிரிப்பார்கள்.

இப்போது பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நோட்டில் பாட்டுக்கு மேலே மெட்டு எந்த ஊரில் கேட்டது, நடவிலா, தாலாட்டிலா, இழவு வீட்டிலா என்று எழுதச் சொல்கிறேன். திருத்தும்போது முதலில் அதைத்தான் பார்ப்பேன், வரிகள் அப்புறம்.