அணையத் தெரியாத அழல்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் புளோக்கில் குடியிருக்கும் அக்கா பிடித்துக்கொண்டார். "நீ எதிர்ப்புச் சக்தி ஆராய்ச்சிதானே செய்கிறாய்? அதைக் கூட்ட என்ன கொடுக்க வேண்டும், சொல்லம்மா." அவருடைய மகளுக்கு லூபஸ், எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய். பாலிடெக்னிக்கில் படிக்கும் பெண். மாதக்கணக்கில் நெல்லிக்காய்ச் சாறு, மஞ்சள் பால், யாரோ சொன்ன காளான் பொடி எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டார்.

"அக்கா, அவளுக்கு அது குறைந்துபோகவில்லை. அடங்க மறுக்கிறது" என்றேன். அவர் முகம் வாடியது. மீன்காரர் முன்னால் இதை இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

என் வேலையே இந்த அடங்காமையைப் பார்ப்பதுதான். இன்ஃப்ளமேஷனுக்கு, அதாவது உடல் சிவந்து வீங்குவதற்கு, அழற்சி என்று தமிழில் பெயர் வைத்தவரை எனக்கு மிகவும் பிடிக்கும். அழல் என்றால் நெருப்பு. விரலில் முள் தைத்தால் சில மணி நேரத்தில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் அங்கே குவிகின்றன. எலும்பு மஜ்ஜை ஒரே நாளில் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களைச் செய்து அனுப்புகிறது. கிருமியோடு போராடி அவை மடிந்ததும் மேக்ரோஃபேஜ் என்னும் பெரிய வெள்ளணுக்கள் வந்து பிணங்களை விழுங்கி, போதும் என்று செய்தி அனுப்ப வேண்டும். அப்போதுதான் வீக்கம் வடியும். லூபஸில் இந்தத் துப்புரவு சரியாக நடப்பதில்லை. சிதறிக் கிடக்கும் தன் டிஎன்ஏவையே உடல் பகையாக எண்ணி எதிர்ப்பொருள் செய்கிறது. அது சிறுநீரகத்தில் போய்ப் படிகிறது. இந்த நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதற்கென்றே டி செல்கள் என்னும் வெள்ளணுக்களில் ஒரு வகை இருப்பதை ஷிமோன் சகாகுச்சி காட்டியது 1995இல். அதற்கான நோபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது 2025இல். தூண்டுவதைப் பற்றியே பேசிப் பழகிய நமக்கு, அடக்குவதும் ஒரு திறமை என்று புரிய இவ்வளவு காலமாகியிருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து ரத்தம் பெட்டியில் வரும். குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நியூட்ரோபிலின் ஆயுள் குறைவு; ஆகவே மதிய உணவை ஒதுக்கிவிட்டு உடனே உட்கார வேண்டும். அணுக்களை அடர்த்திப்படி பிரிக்க உதவும் ஃபைகால் திரவத்தின்மேல் ரத்தத்தைக் குழாயின் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக வழியவிடுவேன். சென்ட்ரிஃபியூஜ் என்னும் சுழற்றும் கருவியில் அரை மணி நேரம் சுற்றியதும் மேலே மஞ்சள் பிளாஸ்மா, அடியில் சிவப்பணுக்கள், நடுவே மோர் தெளித்ததுபோல ஒரு மங்கலான வளையம். நியூட்ரோபில்கள் அடியில்தான் இருக்க வேண்டும். ஆனால் முதன்முதலாக லூபஸ் நோயாளியின் ரத்தத்தைப் பிரித்தபோது, வளையத்திலும் மடல் மடலான உட்கருவுடன் அவை தெரிந்தன. நான்தான் கையை ஆட்டிவிட்டேன் என்று நினைத்து மீதி ரத்தத்தில் மறுபடி செய்தேன். மறுபடியும் அதே. இதை 1986லேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார் என் வழிகாட்டி. அடர்த்தி குறைந்த அந்த நியூட்ரோபில்கள், தம் டிஎன்ஏவையே வலைபோல வீசும் குணம் மிகுந்தவை. அவற்றைப் பின்தொடர்ந்துதான் இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாள் கருவியின் பிரேக்கை அணைக்க மறந்தேன். சுழற்சி சட்டென்று நின்றதால் அடுக்குகள் கலங்கிவிட்டன. வளையம் இருந்த இடத்தில் இளஞ்சிவப்புக் கலங்கல். கிளினிக்கில் காத்திருந்து, மூட்டு வலியோடு கை நீட்டி, எங்களுக்கென்று கூடுதலாக ஒரு குழாய் கொடுத்தவர் யாரோ. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குப் பெயர் தெரியாது. அன்று இரவு புவன விஸ்தா எம்ஆர்டி நடைமேடையில் இரண்டு ரயில்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்காவிடம் அன்று சந்தை வாசலில் நின்று மறுபடி பேசினேன். மாத்திரையை எக்காரணம் கொண்டும் தானாக நிறுத்தக் கூடாது, பொடி டப்பாவை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள் என்றேன். மீன் பையைத் தரையில் வைத்துவிட்டு, டப்பாவில் எழுதியிருந்ததை மகளிடம் தொலைபேசியில் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "உங்கள் ஆராய்ச்சிக்கு ரத்தம் தருவாயா என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கட்டுமா?" என்றார்.

அவளே முடிவு செய்யட்டும் என்றேன். அவளுக்கு வியாழக்கிழமை கிளினிக். அன்று மதியம் பெட்டி வந்தது, நான்கு குழாய்கள், நான்கு எண்கள். பிரேக் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தேன். மூடியைச் சாத்திய பிறகு இன்னொரு முறை திறந்து பார்த்தேன்.