மேசைமேல் இருந்த அட்டை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தேன். காசிமேட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, சைனும் காஸும் பரீட்சைக்கு அப்பால் யாருக்காவது உதவியிருக்கிறதா என்று கேட்டாள். கேத்ரின் ஜான்சனுக்கு உதவியது என்றேன். அவர் யார் என்று சொல்லத் தொடங்கி, வகுப்பு முடிய வேண்டிய நேரத்தையும் தாண்டி, அமெரிக்க விண்வெளி முயற்சியின் தொடக்க காலத்தில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்கள் சிலரைப் பற்றிப் பேசிவிட்டேன். மாடிப்படி ஓரத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் அத்தை, பிள்ளைகள் போன பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த அட்டையை எடுத்துப் பையில போட்டுக்கிட்டாங்களே ஒருத்தங்க, வேலை போயிடும்னு அவங்களுக்குப் பயமே இல்லையாம்மா?" அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அத்தை எழுபதுகளின் நடுவிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், பாரிமுனைப் பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி நடந்து போவார். முதல் பத்தாண்டுகள் அவர் கையாண்டது ஃபேசிட் என்ற கைப்பிடி வைத்த கணக்கு இயந்திரம். இருபத்து மூன்றால் பெருக்க வேண்டுமென்றால் கைப்பிடியை மூன்று முறை சுற்றி, ஓர் இலக்கம் நகர்த்தி, மேலும் இரண்டு முறை சுற்ற வேண்டும் என்பதை இப்போதும் வெறுங்கையால் காற்றில் சுற்றிக் காட்டுவார். வேலைக்குச் சேர்ந்த சில நாட்களில் அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், என்ன சாதி என்பது அங்கே தெரிந்துவிட்டது. அதன்பின் தண்ணீர்ப் பானைக்கு அருகில் அவருக்கென்று ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டது. யாரும் வாயால் எதுவும் சொல்லவில்லை. அத்தை அந்த டம்ளரைத் தொடவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனார்.

அந்தக் கறுப்பினப் பெண்கள் வேலை பார்த்த லாங்லியில் இப்படிப்பட்ட ஒதுக்கலை எழுத்திலேயே வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஹாம்ப்டன் நகரில் இருந்த லாங்லி வானூர்தி ஆய்வுக்கூடத்தில் 1935-ஆம் ஆண்டு ஐந்து வெள்ளைப் பெண்களைக் கொண்டு ஒரு கணக்கீட்டுப் பிரிவு தொடங்கப்பட்டது. காற்றுச்சுரங்கங்களில் நடந்த சோதனைகளின் அளவுகளைப் படித்து, சூத்திரங்களில் இட்டு, வரைபடமாக்கித் தருவது அவர்கள் வேலை. அந்தப் பதவியின் பெயர்தான் கம்ப்யூட்டர். 1943-இல் கறுப்பினப் பெண்கள் அதே வேலைக்கு எடுக்கப்பட்டபோது, வளாகத்தின் மேற்குப் பகுதியில் அவர்களுக்கெனத் தனிப் பிரிவும், தனிக் கழிப்பறையும், உணவுக்கூடத்தின் பின்பக்கத்தில் ஒரு தனி மேசையும் ஒதுக்கப்பட்டன. மேசையின் மீது 'கலர்டு கம்ப்யூட்டர்ஸ்', அதாவது கறுப்பினக் கம்ப்யூட்டர்கள், என்று எழுதிய வெள்ளை அட்டை ஒன்று நிற்கும். மிரியம் மான் என்பவர் ஒருநாள் அந்த அட்டையை எடுத்துத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டார். சில நாட்களில் புதிய அட்டை வந்தது. அதையும் எடுத்தார். மீண்டும் வந்தது, மீண்டும் எடுத்தார். ஒரு கட்டத்தில் அட்டை வைத்தவர்களுக்குத்தான் சலித்துப்போனது. மேசை மட்டும் அப்படியே தனி மேசையாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பெண்களுக்கு வேலை கிடைத்ததே பெருந்தன்மையால் அல்ல. போர்க்காலத்தில் விமானத் தொழிலுக்கு ஆள் போதவில்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று, ரயில் படுக்கைப் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பின ஊழியர்களின் தொழிற்சங்கத் தலைவரான ஏ. பிலிப் ராண்டால்ஃப், வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்துவோம் என்று அறிவித்து அரசை நெருக்கியதால், அதிபர் ரூஸ்வெல்ட் 1941 ஜூன் மாதம் பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணையில் கையெழுத்திட்டார். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் உருவான கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, ஒரு கணித ஆய்வுக்கூடத்தின் கதவை ரயில் ஊழியர் சங்கம் திறந்துவிட்டது என்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் விண்வெளிக் கதைகளைச் சொல்பவர்கள் இந்த இடத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்படி வந்தவர்களில் டாரதி வான் என்பவரைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். கணிதத்தில் பட்டம் பெற்று, வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில் கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தவர். 1943-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், குடும்ப வருமானத்துக்காக அருகிலிருந்த ராணுவ முகாமின் சலவைக்கூடத்தில் மணிக்கு 40 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்களால் பெயர்பெற்ற பேட்டையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கணக்கு டீச்சர் துணி துவைத்ததில் வந்த சிரிப்பா, அல்லது தங்கள் வீட்டுப் பாட்டிகளின் நினைவில் வந்ததா, தெரியவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் வான் லாங்லியில் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 2,000 டாலர். பள்ளியில் அவர் வாங்கியது 850 டாலர்.

1949-இல் மேற்குப் பிரிவின் தலைவராக இருந்த வெள்ளைப் பெண்மணி இறந்துபோனதால் வான் அந்த இடத்தில் அமர்த்தப்பட்டார். நம் ஊர் அலுவலக மொழியில் சொன்னால் 'பொறுப்பு' போட்டார்கள். வேலை முழுதும் தலைவருடையது, பதவி மட்டும் இல்லை. இரண்டு ஆண்டுகள் அப்படி ஓடிய பிறகு, 1951-இல்தான் பதவி முறையாக அவருக்கு வந்தது. அந்த நிறுவனத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் பிரிவுத் தலைவரானது அதுவே முதல் முறை. இதைக் கேட்டதும் அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பொறுப்பு என்ற சொல்லின் பொருள் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேரி ஜாக்சனுடைய கதை வேறு மாதிரி. ஹாம்ப்டனிலேயே பிறந்து, கணிதத்திலும் இயற்பியல் சார்ந்த அறிவியலிலும் பட்டம் பெற்று, 1951-இல் வானின் பிரிவில் சேர்ந்தவர். ஒருமுறை வளாகத்தின் கிழக்குப் பகுதியில் வேலையாகப் போனபோது, கழிப்பறை எங்கே என்று உடனிருந்த வெள்ளைப் பெண்களைக் கேட்டார். உங்கள் கழிப்பறை எங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் சிரித்தார்கள். அந்தக் கொதிப்போடு திரும்பிவந்தவர், வழியில் பார்த்த கசிமியர்ஸ் சார்னெக்கி என்ற பொறியாளரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்க, அவர் தம்மோடு மீயொலிக் காற்றுச்சுரங்கத்தில் வேலை செய்ய வருமாறு அழைத்தார். 60,000 குதிரைத்திறனில் இயங்கி, ஒலியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் காற்றை வீசும் சுரங்கம் அது. பிறகு பொறியாளர் பயிற்சிக்குப் போகச் சொன்னவரும் அவரே. பயிற்சி வகுப்புகள் மாலையில் வெள்ளையருக்கான உயர்நிலைப் பள்ளியில் நடந்ததால், தம் சொந்த ஊரின் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய மேரி ஜாக்சன் நகர நிர்வாகத்திடம் மனுப்போட்டுச் சிறப்பு அனுமதி பெற்றார். உள்ளே போய்ப் பார்த்தால் அது பழைய, பாழடைந்த கட்டடம். இதற்காகவா இத்தனை நாள் நம்மை வெளியே நிறுத்தினார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும் என்றே நினைக்கிறேன். 1958-இல் அவர் பொறியாளரானார்.

அதே 1958-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தை எண்ணிப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அக்டோபர் முதல் தேதி நாசா செயல்படத் தொடங்கியது. லாங்லியில் தனிப் பிரிவும் கலைக்கப்பட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பு, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நார்ஃபோக் நகரில், கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள நீதிமன்றம் சொன்னது என்பதற்காக ஆறு வெள்ளையர் பள்ளிகளை மாநில அரசு பூட்டிவிட்டது. மறு ஆண்டு, டாரதி வான் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஃபார்ம்வில் இருக்கும் மாவட்டம் தன் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. 1964 வரை அவை திறக்கப்படவில்லை. ஒரு மாநிலம் ஒரு கையால் விண்கலத்தின் பாதையை வகுத்துக்கொண்டும், மறுகையால் பள்ளிக்கூடங்களைப் பூட்டிக்கொண்டும் இருந்தது.

கேத்ரின் ஜான்சன் இவர்களில் பெரும்புகழ் பெற்றவர் என்பதால் அவருடைய வாழ்க்கையை நான் விரித்துச் சொல்லப்போவதில்லை. 1918-இல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்து, 18 வயதில் பட்டம் பெற்று, 1953-இல் லாங்லிக்கு வந்தார். ஆய்வறிக்கைகளை விவாதிக்கும் கூட்டங்களுக்குப் பெண்கள் போவதில்லை என்று சொல்லப்பட்டபோது, அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். சட்டம் இல்லை, பழக்கம்தான் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒருநாள் உள்ளே விட்டார்கள். டெட் ஸ்கோபின்ஸ்கி என்ற பொறியாளரோடு சேர்ந்து அவர் எழுதிய அறிக்கை 1960-இல் வெளியானது. அவருடைய பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் ஆசிரியராக அச்சானது அதுதான் முதல் முறை. ஸ்கோபின்ஸ்கி வேறு இடத்துக்கு மாறும் அவசரத்தில் இருந்தபோது, பெரும்பகுதி வேலையைச் செய்தவர் ஜான்சன்தான், அவரே முடிக்கட்டும் என்று மேலாளரிடம் சொன்னதாக வரலாறு. நியாயமாகப் பேசிய சக ஊழியரையும் குறிப்பிடத்தானே வேண்டும்.

அந்த அறிக்கையில் இருக்கும் கணக்கைத்தான் அன்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். விண்கலம் பூமியைச் சுற்றும்போது அதன் பாதை விண்வெளியில் ஏறத்தாழ அசையாமல் நிற்க, கீழே பூமி மணிக்கு 15 பாகை வீதம் கிழக்காகச் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 88 நிமிடமும் சொச்சமும் ஆகிறதென்றால், கலம் ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி 22 பாகை திரும்பிவிடும். முதல் சுற்றில் கடந்த ஊர் அடுத்த சுற்றில் அதே இடத்தில் காத்திருக்காது. போதாக்குறைக்கு, பூமி நடுப்பகுதியில் சற்றுப் பருத்திருப்பதால் பாதையும் மெல்ல விலகும். இறங்க வேண்டிய இடத்தை முதலில் குறித்துக்கொண்டு, ராக்கெட்டின் எரிபொருள் தீரும் கணத்தில் அது எந்தத் திசையை நோக்கியிருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணிப்பதே ஜான்சன் செய்தது. இதைக் கேட்ட காசிமேட்டுப் பெண், தன் அப்பாவும் படகைத் துறைமுகத்தின் வாயைப் பார்த்து ஓட்டுவதில்லை, வன்னி வெள்ளமா தெண்டி வெள்ளமா என்று பார்த்து விலக்கித்தான் பிடிப்பார் என்றாள். கடலின் நீரோட்டத்துக்கு அவர்கள் வீட்டில் வழங்கும் பெயர்கள் அவை. அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

1962 பிப்ரவரி 20 அன்று விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றப் புறப்படும் முன், ஐபிஎம் கணினி தந்த எண்களை அந்தப் பெண் கையால் சரிபார்த்துச் சொல்லட்டும் என்று கேட்டது பலருக்கும் தெரியும். நாற்பத்து மூன்று வயதான தாயை அவர் 'கேர்ள்' என்றுதான் குறிப்பிட்டார். ஜான்சன் மேசைக் கணக்கு இயந்திரத்தோடு ஒன்றரை நாள் உட்கார்ந்து சரிபார்த்தார், எண்கள் ஒத்துவந்தன. ஆனாலும் கிளென் குறித்த இடத்துக்கு 40 மைல் முன்னதாகவே கடலில் இறங்கினார். பயணத்தில் செலவான பொருட்களால் கலத்தின் எடை குறைந்திருந்ததை, வேகம் குறைக்கும் ராக்கெட்டுகளுக்கான கணக்கில் யாரும் சேர்த்திருக்கவில்லை. கணக்கு சரியாக இருந்தும் விடை தவறக்கூடும் என்பதற்கு வகுப்பில் நான் வைத்திருக்கும் உதாரணம் இது.

இந்தப் பெண்களைப் பற்றி 2016-இல் வந்த 'ஹிடன் ஃபிகர்ஸ்' திரைப்படத்தில், வெள்ளை மேலதிகாரி ஒருவர் கழிப்பறைப் பலகையை உடைத்தெறிவார். திரையரங்கில் கைதட்டல் எழுந்தது. அப்படி எவரும் உடைக்கவில்லை. கேத்ரின் ஜான்சன் பெயர் எழுதாத கழிப்பறையைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்தினார், அது வெள்ளையருக்கானது என்று பின்னர் தெரிந்தபோதும் மாற்றிக்கொள்ளவில்லை. அட்டையை அகற்றியது மேலதிகாரி அல்ல. வேலை போய்விடும் நிலையில் இருந்த ஒரு பெண். படத்தில் சம்மட்டி அடிபோல விழுந்த நீதி, உண்மையில் மனுவாகவும், கேள்வியாகவும், கைப்பையில் சேர்ந்த அட்டைகளாகவும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இழுத்தது. சிலருக்கு அதுவும் முழுமையாகக் கிடைக்கவில்லை. பிரிவு கலைக்கப்பட்ட பின் டாரதி வான் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியைக் கற்று, தம் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து, 1971-இல் ஓய்வு பெறும்வரை கணினிப் பிரிவில் உழைத்தார். மீண்டும் ஒரு தலைமைப் பதவிக்கு முயன்றார்; அது அவருக்குத் தரப்படவே இல்லை.

போன வாரம், அத்தையின் கேள்விக்கு இப்போது பதில் தெரியும் என்று சொல்லி அருகில் உட்கார்ந்தேன். பயம் இருந்திருக்கும், அந்த அட்டைக்காக உன்னை வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள் என்று மிரியம் மானின் கணவரே எச்சரித்திருக்கிறார், அனுப்பினால் அனுப்பட்டும் என்று அவர் சொல்லிவிட்டார் என்றேன். அத்தை சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. மாமா இறந்தபோது அவருடைய இரண்டாவது பிள்ளைக்கு ஒரு வயது.

"அவங்க வீட்டுக்காரருக்கு வேலை இருந்துதா?" என்று கேட்டார்.

"இருந்துது அத்தை. அதே ஊர்ல, ஹாம்ப்டன் இன்ஸ்டிட்யூட்ல."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போனார்.