பன்னிரண்டு சேலை, ஆறு ஜாக்கெட்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை

காலையில் சோறு வடித்து, டிபன் பாக்ஸ் கட்டி, ஏழே முக்காலுக்குப் பீரோவைத் திறந்தால் அங்கேயே பத்து நிமிஷம் போய்விடும். உள்ளே சேலை பிதுங்கிக்கொண்டு நிற்கும், ஆனால் கட்டிக்கொண்டு போக ஒன்றும் இல்லாத மாதிரியே இருக்கும். பதினாறு வருஷமாக மதுரையில் கணக்கு டீச்சர் நான். இந்தக் காலைநேர மலைப்பை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம் என்று பொங்கல் லீவு முடிந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்தேன்.

தேதி, சேலை, ஜாக்கெட், ஏன் இதை எடுத்தேன் என்று நாலு கட்டம் போட்டேன். தினமும் சாயங்காலம் வந்ததும் எழுதினேன். ஏப்ரலில் பள்ளிக்கூடம் மூடும்போது 64 நாள் கணக்கு கையில் இருந்தது. அதில் 53 நாள், அதே 14 சேலைகளைத்தான் மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறேன். இதுவாவது நான் ஓரளவு எதிர்பார்த்தது. என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது நாலாவது கட்டம். "கலர் பிடிச்சது", "துணி மெத்துனு இருக்கு" என்றெல்லாம் எழுதியிருப்பேன் என்று நினைத்தேன். பக்கத்துக்குப் பக்கம் நான் எழுதியிருந்தது "ஜாக்கெட் சரியா இருந்துச்சு" என்பதுதான்.

அதாவது, இத்தனை நாளும் நான் சேலையைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. எந்த ஜாக்கெட்டுக்குள் கை நுழைகிறதோ அதற்கான சேலையை எடுத்துக் கட்டியிருக்கிறேன்.

மே முதல் வாரம்

எல்லாவற்றையும் கட்டிலில் இறக்கினேன். பட்டு 19, காட்டன் 34, பூனம், ஷிஃபான் மாதிரி சிந்தடிக் 26, விசேஷங்களில் வைத்துக்கொடுத்து மடிப்புக் கலையாமல் கிடந்தவை 8. மொத்தம் 87. ஜாக்கெட் 71. அந்த எழுபத்தொன்றையும் ஃபேனைப் போட்டுக்கொண்டு இரண்டு மத்தியானம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கொக்கி மாட்டி, கையைத் தூக்கி, போர்டில் எழுதுவதுபோல எழுதிப் பார்த்து, மூச்சை இழுத்துவிட்டும் பார்த்தேன். தேறியது 23.

குறைந்த துணியில் நிறைய உடுத்துவது பற்றி வெளிநாட்டில் நிறையப் பேசியிருக்கிறார்கள். கேப்ஸ்யூல் வார்ட்ரோப் என்பார்கள். 1970களில் லண்டனில் துணிக்கடை வைத்திருந்த சூசி ஃபோ (Susie Faux) அதைப் பரப்பினார். 1985இல் நியூயார்க்கில் டோனா கேரன் ஏழே உருப்படிகளை ஒன்றோடொன்று மாற்றிப் போடும்படி கொண்டுவந்து பெயர் வாங்கினார். அவர்கள் கணக்கு சட்டை, பாவாடை, கோட்டு என்று மேலும் கீழுமாகப் பெருகுகிற கணக்கு. சேலையில் அப்படி மேல் வேறு கீழ் வேறு கிடையாது, ஐந்தரை மீட்டரும் ஒரே துணி. நம் பக்கத்தில் பெருக்கிக் கொடுப்பது ஜாக்கெட் ஒன்றுதான். ஆனால் நாமோ ஒவ்வொரு சேலைக்கும் அதிலேயே வருகிற 80 சென்டிமீட்டர் துணியை வெட்டித் தைத்து, இதுக்கு இது என்று கட்டிப்போட்டுவிடுகிறோம். உடம்பு கொஞ்சம் பூசினால் ஜாக்கெட் போகும், அதோடு சேலையும் போய்விடும்.

அதனால் சேலையைக் குறைப்பதற்கு முன்னால் ஜாக்கெட்டைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன்.

இந்த இறக்கலில் அம்மாவின் கண்டாங்கியும் வந்தது. அரக்குக் கட்டம், மஞ்சள் கோடு, ஒரு சாண் அகலத்துக்குக் கரை. காரைக்குடியில் எடுத்தது, நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம். அம்மா போனபிறகு ஒரே மடிப்பில் ஒன்பது வருஷம் அடியில் கிடந்திருக்கிறது. விரித்தபோது மடிப்பு விழுந்த இடம் நெடுக நூல் விட்டுப்போயிருந்தது. துணி நடுவில் கல்லு மாதிரி இருக்கிறது, மடிப்பில் மட்டும் கை வைத்தாலே பிரிகிறது. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து உதறி மடிப்பை மாற்றிப் போட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது. பாச்சை உருண்டை போட்டேன், வசம்பு வைத்தேன், மடிப்பை மட்டும் மாற்றவில்லை. அதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

மே கடைசி

பட்டில் ஏழு சேலையை வைத்துக்கொண்டேன். மற்றவை அக்கா மகள்களுக்கும் நாத்தனாருக்கும் போயின. சிந்தடிக்கில் இரண்டை நிறுத்திக்கொண்டேன். ஐப்பசி மழையில் மாடியில் துணி காயாது, அப்போது சிந்தடிக்தான் கைகொடுக்கும். காட்டன்தான் உசத்தி என்று அதை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. கொடுத்தவற்றையெல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, ஃபால்ஸ் பிரிந்திருந்தால் தைத்துத்தான் கொடுத்தேன். ரொம்ப நைந்த காட்டன் ஆறு, பிள்ளை பெற்று வந்திருக்கும் எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தொட்டிலுக்கும் விரிப்புக்கும் ஆயிற்று.

பள்ளிக்கூடத்துக்கென்று 12 காட்டன் நிறுத்தினேன். நெகமம் இரண்டு, சுங்குடி மூன்று, கோவை கோரா ஒன்று, மற்றவை சாதாரணக் கைத்தறி. நிறுத்தியதற்கு ஒரு அளவுகோல் வைத்திருந்தேன்: கடையில் இன்றைக்குப் பார்த்தாலும் எடுப்பேனா, சாக்பீஸ் தூள் பட்டால் தட்டிவிட்டதும் போகுமா, பஸ்ஸில் நின்று வந்தாலும் கொசுவம் நிற்குமா. நூல் நம்பரையும் பார்த்தேன். ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீளச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நம்பர். எண்பதாம் நம்பர் என்றால் 80 சிட்டம். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. நூறும் நூற்றிருபதும் கைக்குச் சுகம்தான், ஆனால் தினம் கட்டித் துவைக்க எனக்கு எண்பது சரியாக வருகிறது.

இந்தப் பன்னிரண்டையும் இரண்டு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு மேட்சிங் சென்டருக்குப் போனேன். கடைப்பையன் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பேலை அடுக்கினான். நான் ஒவ்வொரு துணியையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்தேன். உள்ளே கருநீலமாக இருந்தது வெளியே வந்தால் கத்திரிப்பூவாக இருந்தது. கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "அக்கா, எல்லாரும் ஒரு சேலையைத்தான் கொண்டாருவாங்க, நீங்க கடையையே கொண்டாந்துட்டீங்க" என்று ஸ்டூல் எடுத்து வாசலில் போட்டுக்கொடுத்தார்.

எடுத்த ஆறு: அரக்கு, கருநீலம், பாட்டில் பச்சை, மாம்பழ மஞ்சள், சந்தனம், கறுப்புத் தரையில் பூவிட்ட கலம்காரி. முதல் ஐந்தும் டூ பை டூ என்கிற ஜாக்கெட் காட்டன் துணி. கை முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும் என்பதால் ஒரு மீட்டராக எடுத்தேன்.

அன்று கற்றுக்கொண்ட பெரிய விஷயம் டபுள் ஷேடு சேலையின் அருமை. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம் என்றால் அந்தச் சேலை இரண்டு நிற ஜாக்கெட்டையும் ஏற்கும். என்னிடம் இருக்கும் ஒரு கைத்தறியில் பாவு நீலம், ஊடை பச்சை. மயில் கழுத்து. இத்தனை நாள் அதற்கென்று வந்த ஒரே ஜாக்கெட்டோடு கட்டினேன். வாசலில் வைத்துப் பார்த்தால் கருநீலம், பச்சை, மஞ்சள், சந்தனம் நாலும் உட்கார்ந்தன.

ஜூன்

டெய்லர் அக்காவிடம் எப்போதும்போல அளவு ஜாக்கெட் ஒன்றை நீட்டினேன். அக்கா அதை மேசையில் விரித்து, தோளில் விரலை வைத்துக் காட்டினார்.

"டீச்சர், இது உங்களுக்கு எறங்குது. இதையே அளவு வச்சுத் தச்சா ஆறும் எறங்கும். நில்லுங்க, உடம்புலயே எடுத்துருவோம்."

பல வருஷமாக ஒரு ஜாக்கெட்டின் குறையை நான் ஊர் டெய்லர்களிடம் எல்லாம் கொடுத்து நகல் எடுத்திருக்கிறேன். இழுத்து இழுத்துவிடும் அந்த இடது தோளுக்குக் காரணம் என் தோள் இல்லை. அக்கா இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் உள்ளே துணி விட்டுத் தைப்பதாகச் சொன்னார். "வருசம் ஆனா பிரிச்சு விட்டுக்கலாம், ஜாக்கெட்டைத் தூக்கிப் போட வேணாம்."

ஆறும் வந்தன, ஆறும் பொருந்தின. முதல் துவைப்பில் அரக்கு ஜாக்கெட் கெட்டது. காய்ந்ததை எடுத்தபோது முதுகுப் பக்கம் சின்னச் சின்னதாகச் சுருங்கிக் கொப்புளம் போட்டிருந்தது. உள்ளே திருப்பினேன். மேல் துணி அப்படியே இருக்க, லைனிங் இறுகிப்போய் தையல் நெடுக அதை இழுத்துக்கொண்டு நின்றது. காட்டன் லைனிங்கைத் தைப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். மற்ற ஐந்துக்கும் ஊறப்போட்டேன். அரக்குக்கு மட்டும் லைனிங் போதாமல் பிறகு வாங்கி, அவசரத்தில் அப்படியே கொடுத்துவிட்டேன். அக்கா லைனிங்கை முழுக்கப் பிரித்து, வேறு வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஃபால்ஸுக்கும் இதே விதிதான். ஊறப்போடாத ஃபால்ஸ் வைத்தால் சேலை அடியில் சுருண்டுகொண்டு நிற்கும்.

இன்ஸ்கர்ட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பதினொன்று இருந்தது. அரக்கு, கருநீலம், பச்சை, சந்தனம் நாலு போதும். மஞ்சள் சேலைக்குச் சந்தனம் சரியாகப் போகிறது.

ஆகஸ்ட்

ஆடித் தள்ளுபடியில் தெருவே கடைவீதிக்குப் போனது. நானும் போனேன். நோட்டை எடுத்துப் போனதால் எது இல்லை என்று தெரிந்தது, அதனால் ஒரு சாம்பல் நிறச் சேலையைத் தவிர வேறு எதிலும் மனசு நிற்கவில்லை. அதையும் எடுக்கவில்லை. அரக்குச் சுங்குடி ஒன்று நைந்து வந்ததால் அதற்குப் பதிலாக ஒரு சுங்குடி மட்டும் வாங்கினேன். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் முக்கிய அசல் சுங்குடி. முடிச்சு இருந்த இடத்தில் புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. விரலால் தடவினால் அந்த இடம் லேசாகக் குமிழ்ந்து நிற்கும். அச்சடித்த புள்ளியில் அது இருக்காது. சௌராஷ்டிர வீட்டுப் பெண்கள் சின்ன வயசிலேயே பழகிய கை அது.

அதையே சந்தன ஜாக்கெட்டோடு சேர்த்து ஊறப்போட்டுவிட்டார் வீட்டில். சந்தனம் ரோஸாகி நின்றது. காயவிடாமல் பச்சைத் தண்ணீரில் நாலு தடவை அலசினேன். கம்புக்கூட்டுப் பக்கம் லேசாக நிற்கிறது, மற்றபடி போய்விட்டது. இதற்கெல்லாம் கல்லுப்புப் போடச் சொல்வார்கள். சாயம் முக்கும்போது நிறம் நூலில் ஏறத்தான் உப்பு உதவும், முக்கி முடித்த துணியில் அது சாயத்தைக் கட்டிவைக்காது. தண்ணீர் தெளிகிறவரை தனியாக அலசுவதுதான் வழி. இந்தச் சுங்குடிக்கு ஐந்து அலசல் ஆனது.

அக்டோபர்

பன்னிரண்டு சேலை குறுக்கே, ஆறு ஜாக்கெட் நெடுக்கே, 72 கட்டம். ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து டிக் போட்டதில் 43 வந்தது. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால், எட்டரை வாரத்துக்கு ஒரே ஜோடி திரும்ப வராது. 87 சேலை வைத்திருந்தபோது என்னால் சொல்ல முடியாத கணக்கு இது.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை கிட்டே வந்து, "மிஸ், நீங்க புதுசு புதுசா கட்டுறீங்க" என்றாள். மயில் கழுத்துக்கு மஞ்சள் ஜாக்கெட் போட்டிருந்த நாள் அது. அந்தச் சேலைக்கு ஆறு வயசு. எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை, அவள் தலையைத் தடவிவிட்டேன்.

கட்டத்தில் ஒரு குறை தெரிகிறது. நெகமம் ஒன்று கலம்காரியோடு மட்டும்தான் சேர்கிறது. கலம்காரி துவைக்கப் போனால் அந்த நெகமம் சும்மா கிடக்கிறது. அடுத்து எடுக்கிற ஜாக்கெட் சாம்பலாகவோ செங்கல் நிறமாகவோ இருந்தால் அதற்கும் வழி பிறக்கும், கலம்காரிக்கும் ஓய்வு கிடைக்கும்.

வேலை கூடியிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். காட்டனுக்குக் கஞ்சி போடாமல் முடியாது. சனிக்கிழமை சோறு வடித்த கஞ்சியை வெள்ளைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு, ஐந்து சேலையை வரிசையாக முக்கி எடுத்து உதறிக் காயப்போடுகிறேன். அரை ஈரத்தில் இழுத்து மடித்து வைத்துவிட்டால் இஸ்திரிக்காரருக்கு வேலை பாதிதான். தண்ணீர் தெளிவாக வருகிற நாளில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. காலையில் பீரோ முன்னால் நிற்கிற நேரம் ஒரு நிமிஷம்கூட இல்லை.

ஜனவரி

அரக்கு ஜாக்கெட்டின் விளிம்பு வெளுத்துவிட்டது, அதிகம் போட்டது அதுதான். அதற்கு மாற்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் கண்டாங்கி நினைவுக்கு வந்தது. எடுத்துப்போய் டெய்லர் அக்கா மேசையில் விரித்தேன். அக்கா மடிப்பு மடிப்பாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டு மடிப்புக்கு நடுவில் இருக்கும் துணி நல்லா இருக்கிறது, கரையும் போகவில்லை.

"ரெண்டு ஜாக்கெட் வரும் டீச்சர். கரையைக் கைக்கு வச்சிருவோம். கோடு நேரா வரணும்னா நின்னு நிதானமா வெட்டணும்."

நைந்த இடங்களை விட்டுவிட்டுச் சாக்கால் கோடு போட்டு வைத்திருக்கிறார். லைனிங்கை நேற்று ராத்திரியே ஊறப்போட்டேன். மாடியில் காய்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வெட்டுகிறார், நான் வந்தபிறகு கத்தரி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.