பர்மாவில் இறந்த பாட்டியின் அண்ணன்: படத்தை மீட்கும் வேலை இதுவரை

பாட்டியின் அண்ணன் சிப்பாயாகப் போய் 1944இல் பர்மாப் போர்முனையில் இறந்தார். வயது இருபது. கல்லறை கிடையாது. யாங்கோனுக்கு வடக்கே தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகத் தூண்களில், அப்படிக் கல்லறை இல்லாமல் போன ஏறத்தாழ 27,000 பேரோடு அவர் பெயரும் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தந்தை பெயரும் ஊரும் சேர்ந்தே இருந்ததால் அவர்தான் என்று உறுதியாயிற்று. எங்களிடம் மிஞ்சியது உள்ளங்கையில் அடங்கும் ஒரே ஒரு படம். பழைய படங்களைச் சீர்செய்யும் என் பொழுதுபோக்கில் இதைத்தான் முதலில் முடிக்க விரும்புகிறேன்.

சிறிய படம் என்பதால் 1200 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) ஸ்கேன் செய்தேன். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்வது நல்லது. வண்ண ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்கள், அதாவது தனித்தனி நிறப் பிரிவுகள், இருக்கும். மஞ்சள் கறை நீலச் சேனலில் அப்பட்டமாகத் தெரியும். சிவப்புச் சேனலில் பெரும்பாலும் மறைந்துவிடும். சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டதும் கன்னத்தை மூடியிருந்த கறை விலகி, முகம் தெளிந்து வந்தது. அந்தக் கணத்தில் வேலையை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு சின்னப் பையன்!

ஓரங்களில் படத்திலுள்ள வெள்ளி மேலெழுந்து நீலமாகப் பளபளக்கிறது. ஸ்கேனரில் அது வெளுத்துப் போகிறது. அந்தப் பகுதிகளுக்காக, விளக்குகளின் முன்னும் லென்ஸின் முன்னும் போலரைசர் (பளபளப்பை வடிகட்டும் கண்ணாடி) வைத்துக் கேமராவில் தனியாக எடுத்தேன். பளபளப்பு நன்றாகவே அடங்கியது.

மார்பின் குறுக்கே ஓடும் மடிப்பை, அசலைத் தொடாத தனி லேயரில் (அடுக்கில்) கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வருகிறேன். முகத்தை மட்டும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கொடுத்துப் பார்த்தேன். கண்கள் பளிச்சென்று வந்தன, தோல் வழுவழுப்பானது. ஆனால் அது வேறு யாரோ. அசலையும் அதையும் பாட்டியிடம் காட்டினேன். தொண்ணூறைத் தாண்டியவர், அசலின் மேல் விரலை வைத்து, “அண்ணனுக்கு இந்தப் புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டு. கிணற்றுப் படியில் விழுந்தது” என்றார். செயலி அதைக் கீறல் என்று எண்ணி அழித்திருந்தது. செயலி தந்த படத்தை அப்படியே நீக்கிவிட்டேன். முகத்தில் தூசியையும் பூஞ்சைப் புள்ளிகளையும் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அதையும் பாட்டியிடம் கேட்டுக்கொண்டுதான் செய்கிறேன்.

வண்ணம் சேர்ப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. பர்மாவில் போரிட்ட படைகள் பிற்பாடு காட்டுப் பச்சைச் சீருடைக்கு மாறின. இது போர்முனைக்குப் போகுமுன் பயிற்சிக் காலத்தில் எடுத்த படம். சேர்த்தால் காக்கிதான் சரி. ஆனால் தோலின் நிறத்தை நான் எங்கிருந்து எடுப்பது? பாட்டி, “என் நிறம்தான்” என்கிறார். அடுத்த வாரம் அவர் கையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.