ஐந்து நாளைக்கு ஒரு தோள்: 2008 யாங்கீஸ் நாட்குறிப்பு

30 ஜனவரி 2008, புதன்

நட்சத்திர பிட்சர் (பந்து வீசுபவர்) யோஹான் சந்தானா, நியூயார்க்கின் இரண்டு பேஸ்பால் அணிகளில் ஒன்றான மெட்ஸுக்குப் போகிறார். நேற்று செய்தி வந்ததிலிருந்து அலுவலகத்தில் மெட்ஸ் ரசிகர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் கட்சி ஆட்கள், அதாவது ஊரின் இன்னோர் அணியான யாங்கீஸின் ரசிகர்கள், காபி இயந்திரத்தைச் சுற்றி துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

டிசம்பரில் சந்தானாவுக்குப் பதிலாக எங்கள் இளம் பிட்சர் ஃபில் ஹியூஸைக் கொடுக்கும் பேச்சு நடந்தது. அப்புறம் யாங்கீஸ் பின்வாங்கிவிட்டது. பொது மேலாளர் பிரையன் கேஷ்மனுக்குப் பையன்களை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஹியூஸுக்கு வயது 21, ஜோபா சேம்பர்லினுக்கு 22, இயன் கென்னடிக்கு 23. ஹியூஸும் கென்னடியும் ரொடேஷனில் வீசுவார்களாம். ஜோபா இப்போதைக்கு புல்பென்னில், அதாவது ஆட்டத்தின் நடுவில் இறங்கும் மாற்று பிட்சர்களோடு.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஓர் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு மூன்று அவுட். ரொடேஷன் என்பது ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஐந்து பிட்சர்களின் முறைவரிசை. ஒருவர் ஒரு நாள் ஏறக்குறைய நூறு பந்து வீசுவார். பிறகு நான்கு நாள் தோள் ஆறவேண்டும். ஐந்தாம் நாள் மறுபடி அவர் முறை. டெஸ்டில் ஒரு நாள் இருபது ஓவர் வீசிவிட்டு மறுநாள் காலையே புதுப்பந்தை வாங்கும் ஆளைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் இது சொகுசாகத்தான் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஹியூஸைக் கொடுக்காதது சரி என்பது என் கட்சி. போன மே மாதம் டெக்சாஸில், தன் இரண்டாவது ஆட்டத்திலேயே, ஆறு இன்னிங்ஸும் ஓர் அவுட்டும் ஒரு ஹிட்கூட (பேட்ஸ்மேன் அடித்துத் தளம் சேர்வது) கொடுக்காமல் போய்க்கொண்டிருந்தவர். பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த வளைவுப் பந்தை ஒரு முறை பார்த்தவன் விற்கமாட்டான்.

21 ஏப்ரல் 2008, திங்கள்

பிப்ரவரியில் பனி அள்ளியபோது பிடித்துக்கொண்ட என் வலது தோள் இன்னும் விடவில்லை. மேல் அலமாரியிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்க முடியவில்லை. "டாக்டரைப் பாருங்கன்னா பார்க்கமாட்டீங்க, அந்தப் பையன்கள் தோளைப் பத்தி மட்டும் ராத்திரி முழுக்கப் பேசுவீங்க" என்கிறாள் மனைவி. நியாயம்தான்.

அணியின் முதலாளி வீட்டு மூத்த மகன் ஹாங்க் ஸ்டைன்பிரென்னர் பத்திரிகையில் பொரிந்து தள்ளியிருக்கிறார். ஜோபாவை உடனே ரொடேஷனுக்கு மாற்ற வேண்டுமாம். மணிக்கு நூறு மைல் வேகத்தில் வீசுகிறவனை எட்டாவது இன்னிங்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்வது முட்டாள்தனமாம். போகிற போக்கில் எங்கள் 39 வயது பிட்சர் மைக் முசினாவுக்கும் ஒரு குட்டு: ஜேமி மோயரைப் போல வேகமில்லாமல் வீசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று.

முதலாளி மூன்றாம் வாரமே இப்படிக் கத்தினால் மேனேஜர் ஜோ ஜிரார்டி என்னதான் செய்வார்? அவருக்கும் யாங்கீஸில் இது முதல் வருடம். ஆனாலும் கேள்வி வெறும் கத்தலல்ல. ஹியூஸும் கென்னடியும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒரு வெற்றிகூட இல்லை.

6 மே 2008, செவ்வாய்

ஹியூஸ் காயப் பட்டியலில். போன செவ்வாய் டெட்ராய்ட்டிடம் அடி வாங்கி நான்காவது இன்னிங்ஸிலேயே வெளியே போனபோது சொந்த மைதானத்திலேயே கூச்சல் போட்டு விரட்டினார்கள். ஆறு ஆட்டம், நான்கு தோல்வி, இஆர்ஏ 9.00. (ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு அது. நான்குக்குக் கீழே இருந்தால் நல்லது.)

முதலில் விலாப் பக்கத் தசைப்பிடிப்பு என்றார்கள். இப்போது விலா எலும்பிலேயே மயிரிழைக் கீறல் என்கிறார்கள். அடிபட்டு வருவதல்ல இது. பந்தை வீசும்போது இடுப்பு முன்னே திரும்பும், மேலுடல் கொஞ்சம் தாமதித்து அதன் பின்னால் சுழலும். அந்த முறுக்கலில் விலாவோடு ஒட்டிய தசைகள் எலும்பை ஒவ்வொரு முறையும் இழுக்கின்றன. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்குமே, அது மாதிரி. கட்டுப் போட முடியாது, ஊசியும் உதவாது. மூச்சு விடுகிற எலும்புக்கு மாவுக்கட்டு எப்படிப் போடுவது? ஓய்வுதான் மருந்து. ஜூலைக்கு முன் இல்லை என்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கீறல் எத்தனை நாளாக இருந்தது? ஏப்ரல் முழுக்க அவர் பந்து தவறிய இடத்துக்கெல்லாம் நாங்கள் காரணம் சொன்னோம்: தைரியமில்லை, நியூயார்க் தாங்கவில்லை, சின்னப் பையன். நானும்தான் சொன்னேன். விலா எலும்பைப் பற்றி எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

கென்னடியை ட்ரிபிள்-ஏவுக்கு (முதல் தரத்துக்கு அடுத்த கீழ்ப்படி லீக்), பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு வலி ஒன்றும் இல்லை. இருப்பது பயம்தான் என்று நினைக்கிறேன். பந்து கடக்கவேண்டிய கற்பனைக் கட்டத்தின் மூலையைத் தொடப் பார்க்கிறார், அம்பயர் கொடுப்பதில்லை, கட்டத்துக்கு வெளியே போன பந்து ('பால்') மூன்று ஆனதும் நடுவில் போடுகிறார், பந்து வேலிக்கு அப்பால். வேகம் குறைந்த பிட்சருக்கு இரண்டு அங்குலம்தான் வாழ்க்கை. இரண்டு நாள் வேறு ஊரில் அமைதியாக வீசட்டும் என்று அனுப்புவது தண்டனை இல்லை. ஆனால் அனுப்பப்படுகிறவனுக்கு அது தண்டனை மாதிரிதானே இருக்கும்.

4 ஜூன் 2008, புதன்

ஒருவழியாக டாக்டரிடம் போய்வந்தேன். தோளில் நான்கு சின்னத் தசைகள் சேர்ந்து குமிழைக் குழியில் பிடித்துவைத்திருக்கின்றனவாம், அவற்றில் மேலே உள்ளதன் தசைநாண் வீங்கியிருக்கிறது. அறுவை தேவையில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒரு மஞ்சள் ரப்பர் பட்டையைக் கையில் கொடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு வெளியே இழுக்கச் சொன்னார். பதினைந்து முறை, மூன்று தவணை. அங்கே இருந்ததில் மஞ்சள்தான் ஆக மெல்லியது. அதற்கே கை நடுங்கிற்று. பக்கத்தில் ஒரு பாட்டி சிவப்புப் பட்டையை அநாயாசமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

நேற்று ஜோபாவின் முதல் ஸ்டார்ட், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசும் முறை. எதிரே டொரான்டோவின் ராய் ஹாலடே. இரண்டு வாரமாகப் புல்பென்னிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பந்து எண்ணிக்கையை ஏற்றினார்கள். சீசனுக்கு நடுவில், ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களிலேயே பயிற்சியும் நடக்கிறது. நேற்று 62 பந்து, இரண்டு இன்னிங்ஸும் ஓர் அவுட்டும், நான்கு வாக் (நான்கு 'பால்' போட்டு பேட்ஸ்மேனைச் சும்மாவே முதல் தளத்துக்கு அனுப்புவது). அத்தோடு ஜிரார்டி பந்தை வாங்கிக்கொண்டார். எண்ணிக்கை ஏறிவிட்டது, அவ்வளவுதான். கூட்டத்துக்கு ஏமாற்றம். மஞ்சள் பட்டை இழுத்துவிட்டு வந்த எனக்கு அந்தக் கணக்கு புரிந்தது.

போன வருடம் இவருக்கென்றே விதிகள் வைத்திருந்தார்கள். ஒரு இன்னிங்ஸ் வீசினால் ஒரு நாள் ஓய்வு, அடுத்தடுத்த நாள் வீசக்கூடாது. 'ஜோபா விதிகள்' என்று சட்டைகூட அச்சடித்து விற்றார்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவனுக்கு ஒரு வருடத்தில் முப்பது இன்னிங்ஸுக்கு மேல் கூட்டாதே என்பது இங்கே பலர் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. ஏன் முப்பது, ஏன் முப்பத்தைந்து இல்லை? யாரும் எனக்குத் திருப்தியாகச் சொன்னதில்லை.

16 ஜூன் 2008, திங்கள்

எங்கள் பிட்சர் சியென்-மிங் வாங் ஹூஸ்டனில் மூன்றாவது தளத்தைத் தாண்டி ரன் ஓடும்போது பாதம் மடங்கிவிட்டது. இரண்டு வருடமாக ஆண்டுக்கு 19 வெற்றி தந்த ஆள். பிட்சரை பேட் பிடிக்க வைக்கும் நேஷனல் லீக் விதியை ஹாங்க் திட்டிக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு தடவை நானும் அவர் பக்கம்.

இனி டாரல் ராஸ்னர் போன்ற மாற்று பிட்சர்கள்தான். பையன்களுக்காக வைத்திருந்த இடத்தில் கிடைத்தவர்கள் எல்லாம் வீசுகிறார்கள்.

26 ஜூலை 2008, சனி

நேற்று பாஸ்டனில் ஜோபா ஏழு இன்னிங்ஸ், மூன்று ஹிட், ஒன்பது ஸ்ட்ரைக்-அவுட். பாஸ்டன் பிட்சர் ஜோஷ் பெக்கெட்டை 1-0 என்று சாய்த்தாயிற்று. ஹாங்க் சொன்னது சரி என்று எழுதவே கை கூசுகிறது. சரி, எழுதிவிட்டேன்.

நான் சிவப்புப் பட்டைக்கு மாறிவிட்டேன்.

5 ஆகஸ்ட் 2008, செவ்வாய்

டெக்சாஸில் ஐந்தாவது இன்னிங்ஸ். ஜோபா ஒரு பந்து போட்டார், வேகம் இல்லை. தோளை ஒரு மாதிரி உருட்டினார். அந்த உருட்டல் எனக்குத் தெரியும். பருப்பு டப்பாவை எடுக்கும்போது நான் செய்வது. டிவி முன்னால் நான் "ஐயோ" என்றபோது ஜிரார்டியும் பயிற்சியாளரும் இன்னும் பிட்சர் நிற்கும் மேட்டுக்கு வந்துசேரவில்லை.

இரவே எல்லோரும் டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பிட்சர்களின் தோளையும் முழங்கையையும் அறுவை செய்யும், அலபாமாவில் இருக்கும் எலும்பு மருத்துவர். இந்த ஊர் ரசிகர்களுக்கு அந்தப் பெயர் காதில் விழுந்தாலே வயிற்றில் புளி கரைக்கும்.

9 ஆகஸ்ட் 2008, சனி

ஜோபாவுக்குத் தோள் தசைநாண் வீக்கம். அறுவை வேண்டாம். என் நோயேதான்! மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "அவர் பனி அள்ளினாரா?" என்று கேட்டாள்.

நேற்று அனாஹைமில் கென்னடிக்கு மறுபடி வாய்ப்பு. இடையில் முதுகுத் தசை இழுத்துக்கொண்டு அவரும் பட்டியலில் இருந்துவிட்டு வந்தவர். ஆட்டம் இங்கே இரவு பத்து மணிக்குத்தான் ஆரம்பம். கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு இன்னிங்ஸ், ஒன்பது ஹிட், ஐந்து ரன். முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய விஷயமாகிவிட்டது. நன்றாகத்தான் வீசினேன், பெரிதாக வருத்தப்படவில்லை என்று நிருபர்களிடம் சொன்னார். காலை முதல் வானொலியில் அவரைத் தோலுரிக்கிறார்கள். திமிர் என்கிறார்கள். இன்றே ஸ்க்ராண்டனுக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். நானும் இரவு கோபத்தில் ஏதோ கத்தினேன். காலையில் யோசித்தால், அந்த ஒன்பது ஹிட்டில் சில உண்மையிலேயே மொத்தையாகப் பட்டு உருண்டு போனவை. பையன் பொய் சொல்லவில்லை. 23 வயதில் எனக்கு மேலதிகாரி முன்னால் வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. இதற்கும் வீச்சுக்கும் சம்பந்தம் என்ன?

18 செப்டம்பர் 2008, வியாழன்

ஹியூஸ் நேற்று திரும்பி வந்தார். நான்கு இன்னிங்ஸ், ஒரு ரன். அணிக்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. பழைய மைதானத்தின் கடைசி ஆட்டம் இந்த ஞாயிறு, எல்லோருக்கும் அதுதான் கவலை. யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, தோள் இறுக்கமில்லாமல் வீசினார்.

28 செப்டம்பர் 2008, ஞாயிறு

முசினா இன்று பாஸ்டனில் தன் இருபதாவது வெற்றியைப் பெற்றார். வாழ்நாளில் முதல் முறை, 39 வயதில். ஏப்ரலில் மோயரிடம் பாடம் படிக்கச் சொன்னவர்கள் எங்கே?

அணி 89 வெற்றி, மூன்றாம் இடம். 1993க்குப் பிறகு முதல் முறையாக அக்டோபர் ஆட்டம் (பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று) இல்லை. ஹியூஸ் 0-4, இஆர்ஏ 6.62. கென்னடி 0-4, 8.17. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வெற்றி இல்லை. சந்தானா அந்தப் பக்கம் கொழிக்கிறார். அலுவலகத்தில் நாளை என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியும்.

பருப்பு டப்பாவை எட்டி எடுத்துவிட்டேன். பச்சைப் பட்டை.

30 செப்டம்பர் 2011, வெள்ளி

மூன்று வருடம் கழித்து இந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். புது மைதானத்தில் பிளேஆஃப் முதல் ஆட்டம் இரண்டாவது இன்னிங்ஸிலேயே மழையில் நின்றுபோயிற்று. வேறு வேலையில்லை, பழையதைப் படித்தேன்.

நாளை மில்வாக்கியில் அரிசோனாவுக்காக முதல் ஆட்டத்தை வீசுகிறவர் இயன் கென்னடி. இந்த சீசன் 21 வெற்றி, 4 தோல்வி, இஆர்ஏ 2.88. நடுவில் 2009இல் விரல் மரத்துப்போய், அக்குளுக்குக் கீழே ரத்தக்குழாய் வீங்கியிருப்பது தெரிந்து அறுவை சிகிச்சை. அந்த டிசம்பரில் யாங்கீஸ் அவரை வர்த்தகத்தில் கொடுத்துவிட்டது. அரிசோனா மாதக்கணக்கில் ரொடேஷனிலேயே விட்டுவைத்தது. அதே வேகம், அதே மூலை. அம்பயர் இப்போது அந்த இரண்டு அங்குலத்தைக் கொடுக்கிறார்.

ஹியூஸ் 2009இல், கடைசி இன்னிங்ஸ் வீசும் மரியானோ ரிவேராவுக்கு முன்னால் எட்டாவது இன்னிங்ஸ் வீசிக் கோப்பை பார்த்தார். போன வருடம் ரொடேஷனில் 18 வெற்றி. இந்த ஏப்ரலில் திடீரென்று வேகம் காணாமல் போயிற்று. 'செத்த கை' என்கிறார்கள், வலி இல்லை, பந்து மட்டும் போகவில்லை. மூன்று மாதம் போயிற்று.

ஜோபாவைத்தான் தாங்க முடியவில்லை. 2009இல் ரொடேஷனில் வைத்து, இன்னிங்ஸை மிச்சம்பிடிக்க மூன்றே இன்னிங்ஸில் வெளியே எடுத்தார்கள். அப்புறம் மறுபடி புல்பென். அத்தனை எண்ணியும் இந்த ஜூனில் முழங்கைத் தசைநார் கிழிந்து டாமி ஜான் அறுவை. 1974இல் ஃபிராங்க் ஜோப் லாஸ் ஏஞ்சல்ஸில் முதலில் செய்தது. பெரும்பாலும் முன்கையிலிருந்து ஒரு மெல்லிய நாணை எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோத்துத் தைப்பார்கள். ஒரு வருடமாவது ஆகும்.

அந்த நாண் எல்லோருக்கும் இருக்காதாம். பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் கயிறு மாதிரி எழும்பும். மழை நிற்கும்வரை நானும் மனைவியும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு இரண்டு கையிலும் இருக்கிறது. இவளுக்கு இடது கையில் இல்லை.