மணலைக் குளிப்பாட்டிய கதை

மீனுக்கு மீசை இருப்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கோரிடோரஸ் என்கிற மீசை மீன் ஆறு வாங்கிவந்து தொட்டியில் விட்ட பிறகுதான், இவை மண்ணைக் கிளறித் தின்கிற ரகம் என்றே தெரிந்துகொண்டேன். மூக்கை மணலில் புதைத்து ஒரு வாய் அள்ளும். இரை உள்ளே போகும், மணல் செவுள் வழியாகக் கொட்டிவிடும். என் தொட்டியிலோ கூர் கூராகக் கலர் கல். அதில் முட்டி முட்டி மீசை தேய்ந்துவிடுமாம்.

மணல்தானே என்று, பையன் கடற்கரையில் அள்ளிவந்து பாட்டிலில் வைத்திருந்ததை எடுத்தேன். நல்லவேளை, முதலில் ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் விட்டுப் பார்த்தேன். புஸ்ஸென்று நுரைத்தது. பாதிக்குப் பாதி சிப்பித் தூள்! அந்தச் சுண்ணாம்பு மெல்லக் கரைந்து தண்ணீரின் பிஹெச்சை, அதாவது காரத்தன்மையை, ஏற்றிவிடும். காரத் தண்ணீர் கேட்கும் ஆப்பிரிக்க மலாவி ஏரி சிக்லிட் மீன் வளர்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம், என் மீசைக்காரர்களுக்கு ஆகாது. பையன்தான் "இன்னொரு தடவை ஊத்துங்கப்பா" என்று வினிகர் பாட்டிலையே காலி செய்தான்.

சரி, விலைக்கே வாங்குவோம். தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம். 4 செ.மீ. உயரத்துக்குப் போட்டால் 7.2 லிட்டர். லிட்டருக்கு ஒன்றரை கிலோ என்று வைத்தால் கிட்டத்தட்ட 11 கிலோ. ரொம்ப ஆழமாகப் போட்டால் அடிமணல் காற்றில்லாமல் கறுத்து, அழுகின முட்டை வாடை அடிக்கும். இவ்வளவு கணக்குப் போட்டவன் நிறத்தில் கோட்டை விட்டேன். படத்தில் பார்த்த மயக்கம், பால் வெள்ளை மணலை வாங்கிவிட்டேன்.

மீன்களைக் காற்று பம்ப்போடு ஒரு டப்பாவில் குடிவைத்துவிட்டு, பாத்ரூமில் மணலை அலச உட்கார்ந்தேன். கையை விட்டுக் கலக்கினால் மோர் மாதிரித் தண்ணீர். கொட்டு, ஊற்று, கலக்கு. ஏழாவது பக்கெட்டில் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மணலையா குளிப்பாட்டுறீங்க?"

பதினொன்றாவது பக்கெட்டில்தான் தண்ணீருக்கு அடியில் என் விரல் தெரிந்தது.

மணல்மேல் தட்டு வைத்து, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். பாதித் தொட்டி வரை அப்படித்தான் விட்டேன். அப்புறம் இடுப்பு கெஞ்சியதில் மீதியை ஒரே கவிழ்ப்பு. தொட்டி முழுக்கக் கலங்கல். அது அடங்கும்வரை பொறுக்காமல் ஃபில்டரையும் போட்டேன். மோட்டாருக்குள் மணல் புகுந்து, மிக்சியில் கல் அரைக்கிற சத்தம். கழற்றிக் கழுவியதில் ராத்திரி போனது.

மறுநாள் தண்ணீர் கண்ணாடி. மீன்களை விட்ட ரெண்டு மணி நேரத்தில் வெள்ளை மணல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. ஆறு மீனுக்கு இவ்வளவு கழிவா! பழைய கலர் கல் இத்தனை நாள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. மீன்களும் அந்த வெளிச்சத்தில் வெளிறிப்போய் மூலையில் ஒதுங்கின.

ஒரு வாரம்தான் தாங்கினேன். அடுத்து, நீச்சல் குள ஃபில்டரில் போடுகிற பழுப்பு மணல். குருணை சீராக இருப்பதால் அழுக்கு மேலேயே தங்குகிறது, குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். நாலே பக்கெட்டில் தெளிந்தும்விட்டது. விட்ட கொஞ்ச நேரத்தில் ஒருவர் கண் வரைக்கும் மூக்கைப் புதைத்தார். செவுளிலிருந்து மணல் ரெண்டு பக்கமும் சரசரவென்று கொட்டியது.

வெள்ளை மணல் பால்கனியில் ஒரு டப்பில் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை தினமும் காலையில் வந்து, பதினொரு தடவை அலசிய அந்த மணலைப் பொறுமையாகத் தோண்டி, காரியம் முடித்து, மூடிவிட்டுப் போகிறது.