ரோபாட்டிக்ஸ் பிஎச்டி இன்டர்வியூ: இரண்டாவது முறை கிடைத்தது

நேற்று மதியம் மெயில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் சொல்லப் போனேன், குரல் வரவில்லை. போன வருஷம் லிஸ்டில் பெயர் இல்லாமல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அந்த ஞாபகம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கேட் நுழைவுத்தேர்வு ஸ்கோர், ஷார்ட்லிஸ்ட் எல்லாம் உங்களுக்கே தெரியும். இன்டர்வியூவில் எழுதும் போர்டு முன்னால் நிற்கிற நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போன வருஷம், என்ன படித்தாய் என்றதும் ஸ்லாம் (ரோபோ போகிற போக்கில் வரைபடம் போட்டுத் தன் இடத்தையும் கண்டுபிடிப்பது), ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் (செய்து பார்த்துப் பரிசு மூலம் கற்பது), புது ஆராய்ச்சிப் பேப்பர்கள் என்று அடுக்கினேன். ஒரு மேடம் மார்க்கரை நீட்டினார். "இரண்டு மூட்டு உள்ள கை ஒன்று வரைப்பா. அது எந்த நிலையில் மாட்டிக்கொள்ளும்?" ஜேகோபியனின் (மூட்டுகளின் வேகத்தைக் கை நுனியின் வேகமாக மாற்றும் மேட்ரிக்ஸ்) டிட்டர்மினன்ட், அதாவது அணிக்கோவை, பூஜ்யம் ஆகும்போது என்றேன். "எழுதிக் காட்டு." கை ஓடவில்லை. அங்கேயே முடிந்துவிட்டது.

விடை ஒரே வரி: எல்1 × எல்2 × சைன் தீட்டா2. எல்1, எல்2 இரண்டு கம்பிகளின் நீளம்; தீட்டா2 இரண்டாவது மூட்டின், அதாவது முழங்கையின் கோணம். முதல் மூட்டான தோளின் கோணம் (தீட்டா1) அதில் வரவே வராது. முழங்கை 0 டிகிரியிலோ 180 டிகிரியிலோ இருந்தால் பூஜ்யம். உங்கள் கையையே நேராக நீட்டிப் பாருங்கள். விரல் நுனியைப் பக்கவாட்டில் ஆட்டலாம், வெளியே தள்ள முடியாது. இந்த வருஷம் இதே இடத்தில் "உள்ளே இழுக்கலாமே?" என்று மடக்கினார்கள். முழங்கை மடங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் நுனி பக்கவாட்டில்தான் நகரும், உள்நோக்கி வேகம் பூஜ்யம் என்று கையை நீட்டியே காட்டினேன். அந்த மேடம் தலையாட்டியதை மறக்க மாட்டேன்.

இடையில் செய்தது ஒன்றுதான். கடையில் ஒரு சிலேட்டு வாங்கினேன். தினமும் சாயங்காலம் புத்தகத்தை மூடிவிட்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு கணக்கு. குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. அடுத்தவர் எழுதுவதைப் பார்த்தால் எனக்கும் தெரியும் என்றே தோன்றிவிடும்.

சிலேட்டில் போட்டவை:

- கால்மன் ஃபில்டர் (கணிப்பையும் சென்சார் அளவையும் கலந்து நல்ல மதிப்பு எடுக்கும் முறை), ஒரே பரிமாணம், எண்களோடு. கணிப்பு 10, வேரியன்ஸ் (எவ்வளவு நிச்சயமில்லை என்பதன் அளவு) 4. சென்சார் சொல்வது 12, வேரியன்ஸ் 1. கெயின் (சென்சார் பக்கம் எவ்வளவு சாய்வது) 0.8, புது மதிப்பு 11.6, புது வேரியன்ஸ் 0.8. மேட்ரிக்ஸ் வடிவம் இதற்கு அப்புறம்.
- ஏ ஸ்டார், குறைந்த செலவுப் பாதை தேடும் முறை. 1968-ல் ஹார்ட், நில்சன், ரஃபேல் கொடுத்தது. ஷேக்கி ரோபோ வேலையில் பிறந்தது. ஹியூரிஸ்டிக் (இலக்குக்கு மீதித் தூரம் பற்றிய உத்தேசம்) உண்மைத் தூரத்தைவிடக் கூடினால் என்ன கெடும்? நாலு நோடு (புள்ளி) உள்ள கிராஃபில் தப்பான பாதை வருவதைப் போட்டுக் காட்டத் தெரிய வேண்டும்.
- ஆர்ஆர்டி (தற்செயலாகப் புள்ளிகள் எடுத்து மரம் போல் கிளை விட்டுத் தேடும் முறை) பாதை கண்டுபிடிக்கும், சிறந்த பாதைக்கு உத்தரவாதம் இல்லை. அதன் மேம்பட்ட வடிவமான ஆர்ஆர்டி ஸ்டார் ஏன் வந்தது?
- கிம்பல் லாக் (இரண்டு சுழல் அச்சுகள் ஒன்றாகி, ஒரு திசையில் திருப்பும் வசதி போய்விடுவது): போனைக் கையில் பிடித்துத் திருப்பியே விளக்கலாம்.

கடைசி மாதம் புதுப் பேப்பர் தொடாதீர்கள். சேர விரும்பும் பேராசிரியருடையது ஒன்று போதும். அதில் எந்தச் சோதனை தோற்றது என்று பாருங்கள்.

இன்னொன்று. மார்க்கர் கைக்கு வந்ததும் முதலில் அச்சுகளை வரைந்து, கோணத்தை எங்கிருந்து அளக்கிறீர்கள் என்று குறித்துவிடுங்கள். தீட்டா2-ஐ முதல் கம்பியிலிருந்து அளந்தால்தான் மேலே சொன்ன வரி சரி. தரையிலிருந்து அளந்தால் சைனுக்குள் தீட்டா2 கழித்தல் தீட்டா1 வரும். நான் குறிக்க மறந்து, நடுவில் அழித்து எழுதினேன். மூன்று நிமிஷம் போயிற்று.